அறிவியல் கேள்வி பதில்: லேசர் புரட்டும் காந்தம்

கேள்வி: லேசர் துடிப்பு ஒன்றே காந்தத்தின் திசையைப் புரட்டிவிடும் என்று வாசித்தேன். லேசர் சுட்டியை ஒரு காந்தத்தில் அரை மணித்தியாலம் பிடித்தும் ஒன்றும் நடக்கவில்லையே?
– உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: அரை நாள் பிடித்தாலும் புரளாது, தங்கை. குறை சக்தியில் இல்லை, அது வந்து சேரும் வேகத்தில். கடோலினியம் என்ற உலோகமும் இரும்பும் கோபாற்றும் கலந்த சுமார் 20 நனோமீற்றர் தடிப்புள்ள படலத்தைப் புரட்ட, சதுர சென்ரிமீற்றருக்குச் சில மில்லியூல் போதும். 100 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள பொட்டுக்குக் கணக்குப் பார்த்தால் கால் மைக்ரோயூல்தான். உங்கள் 5 மில்லிவாற்றுச் சுட்டி அதை 50 மைக்ரோசெக்கனில் கொடுத்துவிடும்; அதற்குள் வெப்பம் படலத்தின் அடியிலுள்ள கண்ணாடிக்குள் வடிந்துவிடும். ஆய்வுகூட லேசரோ அதை 50 பெம்டோசெக்கனில் கொட்டுகிறது (ஒரு பெம்டோசெக்கன் என்பது செக்கனின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு). அந்தக் கணத்தில் வலு 5 மெகாவாற்று! இலத்திரன்கள் கொதித்தெழும்போது அணுச்சாலகம் (அணுக்களின் ஒழுங்கான அடுக்கு) சூடேறவே தொடங்கியிராது.

இக்கலவையில் இரும்பின் காந்தமும் கடோலினியத்தின் காந்தமும் எதிரெதிரே நிற்பவை. துடிப்பு பட்டதும் இரும்பின் காந்தம் ஏறத்தாழ 300 பெம்டோசெக்கனில் பூச்சியமாகிறது, கடோலினியத்துக்கு 1.5 பிக்கோசெக்கன் (1,500 பெம்டோசெக்கன்) எடுக்கும். அந்த இடைவெளியில் இரும்பு கடோலினியத்தின் பக்கமே சாய்ந்துவிடும். பிறகு கடோலினியம் மறுபக்கம் திரும்பியே ஆகவேண்டும். 2011இல் எக்ஸ் கதிரால் இதைப் படிப்படியாக அளந்தார்கள். ஒவ்வொரு துடிப்பும் புரட்டுவதால், தவறுதலாக இரண்டு விழுந்தால் பழைய நிலைக்கே வந்து 'ஒன்றும் நடக்கவில்லை' என்று தோன்றும். சக்தி கூடினால் பொட்டின் நடுப்பகுதி கண்டபடி சிதறிய காந்தத் துண்டுகளாகிவிடும்.

(தனிக் கடோலினியம் சுமார் 20 பாகை செல்சியசிலேயே காந்த இயல்பை இழக்கும். மட்டக்களப்பு வெயிலில் வைத்தால் காந்தம் அதை இறுகப் பிடிக்காது. ஐஸ் தண்ணீரில் போட்டெடுத்தால் பிடிக்கும்.)

பாடசாலையில் வெப்பத்தின் பங்கை மட்டும் பார்க்கலாம். மெல்லிய இரும்புக் கம்பித் துண்டொன்றைச் செப்புக் கம்பியில் ஊசல்போலத் தொங்கவிடுங்கள். பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தை 2 சென்ரிமீற்றர் தள்ளி வைத்தால் துண்டு அதன் பக்கம் சரிந்து நிற்கும். பன்சன் சுடரால் சூடாக்க, 770 பாகையில், நன்றாகச் சிவந்ததும் பிடி விட்டு நேராகத் தொங்கும். ஆறினால் மறுபடி சரியும். மதுசார விளக்கின் சூடு போதாமல் போகலாம். ஆணி தடிப்பானது, வேண்டாம். நியோடிமியம் காந்தமும் வேண்டாம்: சாதாரண வகை 80 பாகையைத் தாண்டினாலே பலம் குறையும். கடற்காற்று சுடரை அலைக்கழிக்கும், யன்னலை மூடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒளியின் அலைநீளமே 800 நனோமீற்றர். அதைக்கொண்டு இப்படலத்தில் 50 நனோமீற்றர் அளவான காந்தப் புள்ளியை மட்டும் எப்படிப் புரட்டுவது?
– ஆசிரியர், அக்கரைப்பற்று

பதில்: வில்லையால் முடியாது, அரை அலைநீளத்துக்குக் கீழே குவியாது. பொன்னால் செய்த நனோ அலைவாங்கியை (மிகச் சிறிய அன்டெனாவை) படலத்தின் மேல் வைத்தால், பொன்னின் இலத்திரன்கள் ஒளியோடு சேர்ந்து ஆடி, கூர்முனையில் ஒளியின் மின்புலத்தைக் குவிக்கும். முனைக்கும் படலத்துக்கும் இடைவெளி சில நனோமீற்றருக்கு மேல் போனால் குவிவு கலைந்துவிடும். வெப்ப உதவியுடன் எழுதும் புதிய வன்தட்டுகளிலும் இதே உத்திதான். ஆனால் அங்கே ஒளி இரும்பு–பிளாற்றினப் படலத்தைச் சூடாக்கி, காந்தத்தைப் புரட்டுவதை எளிதாக்க மட்டுமே செய்கிறது, எழுதுவது காந்தச் சுருள். ஒளி மட்டுமே எழுதும் தட்டு இன்னும் கடைக்கு வரவில்லை.