தோற்காத அணிக்கு ஏன் இடமில்லை?

அன்புள்ள சார்,

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 2023-ல் 13 ஆட்டங்களையும் ஜெயித்த ஃப்ளோரிடா ஸ்டேட் அணியை, சாம்பியனைத் தீர்மானிக்கும் நாலு அணி பிளேஆஃபில் சேர்க்காமல் தேர்வுக் குழு வெளியே நிறுத்தியது அநியாயம் என்று எழுதியிருந்தீர்கள். என் மகள் அங்கேதான் படிக்கிறாள். வீட்டில் எனக்கும் அவளுக்கும் இதே சண்டைதான். அதே அணி நாலே வாரத்தில், சீசன் முடிவில் நடக்கும் ஆரஞ்ச் பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றதே? அப்படியானால் குழு கணித்தது சரிதானே? மனிதர்களை நம்ப முடியாதென்றால் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாம். இல்லையென்றால் ஐபிஎல் போல ஒரு புள்ளிப் பட்டியல் போதாதா?

அன்புடன்,
ர., ஆர்லாண்டோ

அன்புள்ள ர.,

இந்தச் சண்டையில் நான் உங்கள் மகள் பக்கம் என்பதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

புள்ளிப் பட்டியலை முதலில் பார்த்துவிடலாம். ஐபிஎல்லில் 10 அணிகள், ஆளுக்கு 14 ஆட்டங்கள். கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டத்தில் மட்டும் 130-க்கு மேல் அணிகள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் ஆடுவது 12 லீக் ஆட்டங்கள்தான். அதிலும் பெரும்பாலானவை சொந்த கான்ஃபரன்ஸுக்குள்ளேயே, அதாவது தாங்கள் சேர்ந்திருக்கும் அணிக் கூட்டத்துக்குள்ளேயே, முடிந்துவிடும். கிழக்கே ஜெயித்தவனும் மேற்கே ஜெயித்தவனும் ஒரு பொது எதிராளியைக்கூடச் சந்தித்திருக்க மாட்டார்கள். ஆகவே யாராவது அபிப்பிராயம் சொல்லியே ஆகவேண்டும். 1936-லிருந்து ஏபி செய்தி நிறுவனத்துக்காகப் பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடுகிறார்கள், 1950-லிருந்து கோச்சுகளும் தனியாகப் போடுகிறார்கள். 1990-ல் பத்திரிகையாளர்கள் கொலராடோ என்றார்கள். கோச்சுகளோ ஜார்ஜியா டெக் என்றார்கள், அதுவும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். ஒரு வருடத்துக்கு இரண்டு சாம்பியன்கள்! இந்த மேல்மட்டத்துக்கு அடுத்த நிலையில் இருக்கும் அணிகளுக்கு 1978-லிருந்தே நாக்-அவுட் முறை உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு வருகிறேன். அந்த நவம்பரில் அவர்களின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் வீரர், ஜோர்டான் டிராவிஸின் கால் உடைந்தது. அடுத்து வந்தவருக்குத் தலையில் அடி. கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தில் லூயிவில்லுக்கு எதிராக மூன்றாவது ஆளாக ஒரு முதலாண்டு மாணவர் இறங்கினார். 21 முறை வீசினார், 8 தான் கைக்குப் போய்ச் சேர்ந்தது, மொத்தம் 55 கெஜம். பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் தடுப்பாட்டக்காரர்கள் லூயிவில்லை ஒரு டச் டவுன்கூட எடுக்க விடவில்லை. ஃப்ளோரிடா ஸ்டேட் 16-6 என்று ஜெயித்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீரர்கள் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ் என்று வந்து, நாலாவதாக அலபாமா என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் சொந்த மைதானத்தில் டெக்சஸிடம் 34-24 என்று தோற்றிருந்த அலபாமா! அதன் பிறகு டிராவிஸ் எழுதியது இன்னும் என் மனதைவிட்டுப் போகவில்லை: கால் இன்னும் முன்னாலேயே உடைந்திருக்கலாம், அப்போதாவது இந்த அணி குவார்ட்டர்பேக் ஒருவன் மட்டுமல்ல என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பையனை இப்படி எழுதவைத்த முறையை என்னால் ஏற்கவே முடியவில்லை.

குழுவுக்கும் நியாயம் உண்டுதான். முக்கிய வீரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. அலபாமாவும் முதலிடத்தில் இருந்த ஜார்ஜியாவைத் தோற்கடித்துத்தான் வந்தது. ஆனால் 2014-ல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் இரண்டு குவார்ட்டர்பேக்குகள் காயம். மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸ் இறங்கி விஸ்கான்சினை 59-0 என்று அடித்தார். குழு அவர்களை உள்ளே எடுத்தது, அவர்கள் அலபாமாவையும் ஓரிகனையும் வென்று கோப்பையையே கொண்டுபோனார்கள். மூன்றாவது ஆள் என்ன செய்வான் என்பதை ஓர் அறைக்குள் உட்கார்ந்து எப்படிக் கணிக்க முடியும்?

நீங்கள் சொன்ன அந்த 63-3 ஆட்டத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஆடவே இல்லை. கோப்பைக்கான வழி அடைபட்ட பிறகு பலர் விலகிக்கொண்டார்கள். குழுவின் முடிவால் சிதறிய அணி அது. அந்த ஸ்கோரை வைத்தே அந்த முடிவை எப்படி நியாயப்படுத்துவது?

கம்ப்யூட்டரையும் ஏற்கனவே பார்த்தாயிற்று. 1998 முதல் 2013 வரை, இறுதியாட்டத்துக்கு இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுத்த பிசிஎஸ் முறையில் ஓட்டுகளோடு கம்ப்யூட்டர் கணக்குகளையும் சேர்த்தார்கள். 2001-ல் நெப்ராஸ்கா தன் கடைசி லீக் ஆட்டத்தில் கொலராடோவிடம் 62-36 என்று தோற்றது. ஓட்டுப் போட்டவர்கள் அதை நாலாவதாகத்தான் வைத்தார்கள். கம்ப்யூட்டர்கள் அதை இரண்டாவதாகத் தூக்கி இறுதியாட்டத்துக்கு அனுப்பின. அங்கே மயாமியிடம் 37-14.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது 2010-ல் நடந்தது. கணக்குப் போட்ட ஆறு பேரில் வெஸ்லி காலி ஒருவர் மட்டும்தான் தன் முறையை முழுக்க வெளியிட்டிருந்தார். அதனால் வெளியாள் ஒருவர் அதைச் சரிபார்த்து, ஓர் ஆட்டத்தின் முடிவு விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார். அதுவும் கீழ்மட்டத்து அணிகள் இரண்டு மோதிய ஆட்டம். அதைச் சேர்த்ததும் பாய்சி ஸ்டேட் 10-வது இடத்துக்கு ஏறியது, எல்எஸ்யு 11-க்கு இறங்கியது. மற்ற ஐந்து பேரின் கணக்கில் எத்தனை பிழை இருந்ததென்று வெளியே யாரும் பார்க்க வழியே இல்லை. கம்ப்யூட்டர் வேண்டுமானால் அதன் கணக்கு முழுவதும் திறந்திருக்க வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். உள்ளே வர என்ன செய்யவேண்டும் என்பதை ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள், அதைச் செய்து முடித்தவனை டிசம்பரில் வாசலில் நிறுத்தாதீர்கள். யார் பலசாலி என்று கடைசிவரை வாதாடலாம், ஆனால் யார் ஜெயித்தார்கள் என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

2024-ல் வந்த 12 அணி பிளேஆஃபில், தரவரிசையில் மேலே இருக்கும் ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி என்று வைத்தார்கள். பாதிக் கிணறு தாண்டிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். அந்த வருடம் ஒஹாயோ ஸ்டேட் மிச்சிகனிடம் சொந்த மண்ணில் 13-10 என்று தோற்று, எட்டாவதாக உள்ளே வந்து சாம்பியன் ஆனது. இரண்டு முறை தோற்றவன் சாம்பியனா என்று நிறையப் பேர் கேட்டார்கள். எனக்கு அதில் குறையில்லை. அக்டோபரில் தங்களை ஒரே புள்ளியில் ஜெயித்த ஓரிகனை, அதுவரை தோற்காமலே வந்த ஓரிகனை, ரோஸ் பவுலில் 41-21 என்று நேருக்கு நேர் வென்றுதானே போனார்கள்.

அப்புறம் இதையும் மகளிடம் சொல்லுங்கள். அதே விதி 2023-ல் இருந்திருந்தால் ஃப்ளோரிடா ஸ்டேட் ஐந்தாவதாக உள்ளே வந்திருக்கும். முதல் சுற்றில் ஓக்லஹோமா அணியோடு, டாலஹாசியில், அவள் கல்லூரி மைதானத்திலேயே ஆட்டம். அதில் தோற்றிருந்தால் நான் அந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன்.