அப்பாவின் ஹெரால்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய கார்களைச் சேகரிப்பவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் அப்பா 1967இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு எங்கள் வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. பட்டறைக்காரரோ, மாருதி இன்ஜின் வைத்து, ஏசி பொருத்தி, மெட்டாலிக் பெயிண்ட் அடித்துப் புது வண்டியாகவே ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். அத்தனையும் மாறிய பிறகு அது அப்பாவின் வண்டியாக இருக்குமா? இந்த மோகமே பணக்காரர்களின் பொழுதுபோக்கா, வெறும் பழைய நினைப்பா?

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதில் பணம் இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே ஒன்று 2022இல் 13.5 கோடி யூரோவுக்கு விலைபோனது. அந்த உலகம் ஓவியச் சந்தைக்குத் தாயாதி முறை. உங்களுக்கும் எனக்கும் அங்கே வேலை இல்லை. பழைய நினைப்பு என்பதும் பாதி விடைதான். ஹெரால்டு நின்றுபோய் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அதில் ஒருமுறைகூட ஏறியிராத இளைஞர்கள் இன்று அதன் உதிரிபாகங்களுக்காகப் புதுப்பேட்டையில் அலைகிறார்கள் என்றால், ஏங்குவதற்கு அவர்களிடம் நினைவு ஏது?

அந்த இயந்திரம் தன்னை ஒளித்துக்கொள்வதில்லை என்பதே அவர்களை இழுக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் வண்டியையே பாருங்கள். 1950களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதால், மற்றவர்களைப் போல முழு உடலையும் ஒரே கூடாகச் செய்ய வழியில்லாமல், வழக்கொழிந்துகொண்டிருந்த தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) முறைக்கே திரும்பி, அதன் மேல் பாகம் பாகமாக போல்ட் போட்டு முடுக்கினார்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கேலொட்டி வரைந்த அழகிய உருவத்துக்குள் இருப்பது இந்த நெருக்கடிதான். 1961 முதல் சென்னையில் அதைத் தயாரித்தவர்களுக்கும், இன்று கழற்றிச் சீர்செய்பவர்களுக்கும் அதுவே வசதியாகப் போயிற்று. இரு பக்கக் கொக்கிகளையும் விடுவித்தால் மட்கார்டுகளும் விளக்குகளுமாக முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறந்துகொள்ளும். முன்சக்கரத்தின் டயர் மேல் உட்கார்ந்தபடியே கார்புரேட்டரைக் கழற்றலாம், சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியை எடுத்துப் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்துப் பார்க்கலாம். இன்றைய காரிலோ முதலில் கண்ணில் படுவது கறுப்பு பிளாஸ்டிக் மூடி; கோளாறு எங்கே என்று ஸ்கேனரைத்தான் கேட்க வேண்டும்.

இனி, அது அப்பாவின் வண்டிதானா என்ற கேள்வி. இதே கேள்வி 1990இல் லண்டனில் நீதிமன்றம் வரை போனது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பிரான்சின் லெமான் கார்ப் பந்தயத்தை வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி காரை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், அது அசல் அல்ல என்று பின்வாங்கினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 1932இல் வேறு பெரிய இன்ஜினோடு ஓடி, இங்கிலாந்தின் ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் விபத்தில் சிக்கி, பிறகு வேறு உடலோடு எழுந்த அந்த வண்டியில் வென்ற நாளின் பாகங்கள் மிகச் சொற்பமே எஞ்சியிருந்தன. ஆனாலும் இடையறாமல் ஒரே வண்டியாகவே அது இருந்து வந்திருக்கிறது என்று நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். எனக்கு இதில் பாதிச் சம்மதம்தான். பிஸ்டன் ரிங்கும் பிரேக் ஷூவும் ரப்பர் குழாய்களும் தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. தயங்காமல் மாற்றுங்கள், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்கவும் தாங்காது. ஆனால் அப்பாவின் உள்ளங்கை பட்டு வழுவழுப்பாகிப்போன ஸ்டீயரிங்கையும், துரு ஏறாத இடத்துப் பழைய பெயிண்டையும் ஒருமுறை சுரண்டி எறிந்துவிட்டால் எந்தப் பட்டறையாலும் திரும்பச் செய்து தர முடியாது. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2013இல் ஏற்ற டூரின் சாசனமும், இயன்றவரை உள்ளதைக் காப்பாற்று, புதுப்பிப்பதெல்லாம் அதற்குப் பிறகு என்றுதான் சொல்கிறது.

ஆகவே செலவைப் பெயிண்டில் தொடங்க வேண்டாம். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிக்கர்களைத்தான் துரு முதலில் தின்னும். பட்டி போட்டு அதை மறைப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். முன்சக்கரத் தாங்கலின் அடியிலுள்ள ட்ரனியன் என்ற திருகு மூட்டுக்கு கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் அல்ல. பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்து, திருகுமரை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடிந்துபோன ஹெரால்டுகள் உண்டு. பட்டறைக்காரரைச் சோதிக்க இந்த ஒரு கேள்வி போதும்.

மாருதி இன்ஜினுக்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2021ஆம் ஆண்டின் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவுசெய்யலாம்; சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. முன்பே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாடப் போக்குவரத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புவது, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் எண்ணமிருந்தால் இந்த வழி உங்களுக்கு உதவாது. எதற்கும் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து, அதிலுள்ள இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியோடு பொருந்துகின்றனவா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அதுவரை தம்பியை அந்தக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள்.