ஜாக்கி கிறீச்சிட்டால் புதிது வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்களிடம் 16 அடி அலுமினியப் படகும் அதற்கான டிரெய்லரும் இருக்கின்றன. கோடையில் வாரம் ஒருமுறை சிம்கோ ஏரிக்குப் போய்வருவோம். டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கி இறக்கும் ஜாக்கி, பக்கவாட்டில் கைப்பிடி சுற்றும் வகை. இந்த வசந்தத்தில் அதைச் சுற்றினாலே கை வலிக்கிறது, கிறீச்சென்று சத்தம் வேறு. டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்தால் இரண்டு நாள் ஓடுகிறது, பிறகு பழையபடிதான். கடையில் புதிது வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (ஒன்டாரியோ வாசகர்)

பதில்: முதலில் ஒரு சோதனை. டிரெய்லரை வண்டியின் கொக்கிப் பந்தில் மாட்டிப் பூட்டி, சங்கிலியையும் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். ஜாக்கியின் கால் தரையைத் தொடக்கூடாது. இப்போது பாரம் இல்லாமல் மேலும் கீழும் முழுதாகச் சுற்றிப் பாருங்கள். எங்கும் ஒரே மாதிரி இறுக்கம் என்றால் உள்ளே காய்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் மட்டும் இறுகினால் குழாய் வளைந்திருக்கிறது. காலைத் தூக்காமல் வண்டியை எடுத்தாலோ, பாரத்தோடு சரளைக்கல்லில் தள்ளினாலோ இப்படி ஆகும். வளைந்த குழாயை எந்தக் கிரீஸும் நிமிர்த்தாது, மாற்றத்தான் வேண்டும். மற்றபடி கடைக்காரர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

டபிள்யூடி-40 என்ற பெயரே ஈரத்தை விரட்டுவதைக் குறிக்கிறது. பிடித்துப்போன துருவை இளக்க அது நல்ல சரக்கு. பாரம் தாங்கும் பல்சக்கரத்தில் அது நிற்காது. மிச்சமிருக்கும் கிரீஸையும் கரைத்துக் கீழே இறக்கிவிடும். நீங்கள் அடிக்க அடிக்க உள்ளே இன்னும் காய்ந்துகொண்டே போனது அதனால்தான்.

உச்சி மூடியைக் கழற்றுங்கள். சிலவற்றில் இரண்டு திருகாணி இருக்கும், சிலவற்றில் தட்டினாலே வரும். உள்ளே ஒன்றோடொன்று குறுக்காகக் கடிக்கும் இரண்டு பல்சக்கரங்கள் தெரியும். பழைய கிரீஸ் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலில் தேய்த்தால் மினுமினுவென்று தூள் தட்டுப்பட்டால் பல் தேய்கிறது. பழையதை வழித்தெடுத்து, மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷும் கொண்டு கழுவிக் காயவிடுங்கள்.

படுக்கையாக இருக்கும் பல்சக்கரத்துக்கு அடியில் ஒரு வாஷர் அல்லது பேரிங் உண்டு. பாரம் முழுவதும் உட்காருவது அதன் மேல்தான், பெரும்பாலும் கிறீச்சிடுவதும் அதுதான். மேலாகப் பல்லில் தடவிவிட்டு மூடினால் கிரீஸ் அங்கே போய்ச் சேராது. குச்சியால் அடியில் திணித்து, கைப்பிடியைச் சுற்றி, மறுபடி திணிக்க வேண்டும். மொத்தம் ஒரு நெல்லிக்காய் அளவு போதும்.

அடுத்தது நடுவில் இருக்கும் திருகுத்தண்டு. குழாயில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) இருந்தால் துடைத்துவிட்டு, கிரீஸ் துப்பாக்கியால் இரண்டு மூன்று அழுத்து. அடிக்கும்போது காலை ஏற்றி வைக்க வேண்டுமா, இறக்கி வைக்க வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் வேறு, கையேட்டைப் பாருங்கள். நிப்பிள் இல்லாத சில ஜாக்கிகளில் இறக்கும் பக்கமாகவே சுற்றிக்கொண்டு போனால் உள்குழாய் கழன்று கையில் வந்துவிடும். மரையைத் துடைத்து பிரஷால் தடவலாம். தடுப்பு வைத்த ஜாக்கி என்றால் ஓரிடத்தில் நின்றுவிடும், அதற்கு மேல் முறுக்காதீர்கள். உள்குழாயின் வெளிப்பக்கத்தில் மட்டும் கிரீஸ் வேண்டாம், மணல் அப்பிக்கொள்ளும். எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

வாங்க வேண்டியது என்.எல்.ஜி.ஐ. 2 தரத்தில் (கிரீஸின் கெட்டித்தன்மையைக் காட்டும் எண்) ஒரு மரைன் கிரீஸ், அதாவது தண்ணீரில் எளிதில் கரைந்து போகாத வகை. கிரீஸைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருள் வகைக்கு வகை வேறு; லித்தியம் கிரீஸ் இருக்கும் இடத்தில் பாலியூரியா வகையைக் கலந்தால் இளகி வழிந்துவிடக்கூடும். முன்பு எது போட்டார்கள் என்று தெரியாவிட்டால் முழுதாகக் கழுவிவிட்டுப் போடுவதே நல்லது.

பூட்டும் ஊசியை மறக்காதீர்கள். ஜாக்கியை மடக்கி நிமிர்த்தும் அந்த ஸ்பிரிங் ஊசி துளையில் முழுதாக இறங்கவில்லை என்றால், பாரம் ஏறியதும் ஜாக்கி சட்டென்று மடங்கி டிரெய்லர் உங்கள் காலில் விழும். இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விடுங்கள், ஜாக்கியின் அடியில் உள்ள சிறு சக்கரத்தின் அச்சுக்கும் அதுபோலவே.

ஏரியில் உப்பில்லை என்று நிம்மதி வேண்டாம், ஒன்டாரியோவில் உப்பு சாலையில் இருக்கிறது. பனிக்காலத்துக்கு முன் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஆனால் பிரஷர் வாஷரை மூடியின் இடுக்கில் காட்டாதீர்கள். அடியில் தண்ணீர் வடியும் துளையைக் கம்பியால் குத்திவிடுங்கள். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கும், போக வழி இல்லாவிட்டால் குழாயே வெடிக்கும்.

கேள்வி: கைப்பிடி சுற்றுகிறது, ஜாக்கி அசையவில்லை. சரிசெய்ய முடியுமா?

பதில்: முன்பாகத்தை ஸ்டாண்டில் தாங்கவைத்த பிறகே மூடியைத் திறங்கள். கைப்பிடித் தண்டு மட்டும் சுற்றி, பல்சக்கரம் சும்மா நின்றால் இரண்டையும் இணைக்கும் ஊசி அறுந்திருக்கிறது. அதே அளவில் ரோல் பின் (தகட்டைச் சுருட்டிச் செய்த ஊசி) போட்டால் வேலை முடிந்தது; ஆணியைச் செருகி ஓட்டாதீர்கள். பல்சக்கரங்கள் கடகடவென்று நழுவினால் பல் போய்விட்டது. இரண்டும் ஒழுங்காகச் சுற்றியும் கால் இறங்கவில்லை என்றால் உள்ளே நட்டின் மரை தேய்ந்துவிட்டது. பெரும்பாலும் அது குழாயோடு பற்றவைத்தது, அதனால் புதிதுதான் வாங்க வேண்டும்.

படகும் டிரெய்லருமாக 3,000 பவுண்டு என்றால் முன்பாகத்தில் இறங்குவது வழக்கமாக அதில் 5 முதல் 10 சதவீதம், அதாவது 150 முதல் 300 பவுண்டு. 1,000 பவுண்டு தாங்கும் ஜாக்கியே தாராளம். கூடுதல் பணத்தை ஜாக்கியின் அடியில் பெரிய சக்கரத்துக்குக் கொடுங்கள். டிரெய்லர் சட்டத்தின் அகலம், உயரம் இரண்டையும் அளந்துகொண்டு போங்கள், மடக்கும்போது வின்ச் (படகை இழுத்து ஏற்றும் கருவி) தூணில் இடிக்குமா என்பதையும் சேர்த்து.