அம்மம்மாவின் கல்வெட்டுக்கு கரமொன்ட் சரிவருமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மம்மாவின் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடிக்கிறோம். கனடாவில் பிறந்த பூட்டப்பிள்ளைகளுக்காக நாலு பக்கம் ஆங்கிலத்திலும் வருகிறது. அதற்கு கரமொன்ட் என்ற ஆங்கில எழுத்துரு வடிவாயிருக்கும் என்கிறான் தம்பி. போட்டால் எழுத்து சின்னதாகத் தெரிகிறது. தமிழ்ப் பக்கத்துக்கும் அதையே கொடுத்தால் எல்லாம் குழம்பிவிடுகிறது. என்ன செய்யலாம்?"

தம்பியின் தெரிவு நல்லதுதான். 16ஆம் நூற்றாண்டில் பாரிசில் குளோட் கரமொன்ட் என்பவர் அச்சுக்காக வெட்டிய எழுத்துகளின் வழி வந்தது இது. பட்டை முனைப் பேனாவைச் சரித்துப் பிடித்து எழுதியதுபோல் கோடு தடித்து மெலியும். ஆங்கில 'ஓ'வைப் பெருப்பித்துப் பாருங்கள்: மெலிந்த இடம் நேர் உச்சியில் இராது, மணிக்கூட்டில் 11க்கும் 5க்கும் நேரே இருக்கும். நீளமாக வாசிக்கக் கண்ணுக்கு இதம்.

சின்னதாகத் தெரிவது உங்கள் பிழையல்ல. இதில் சிறிய எழுத்துகளின் உடல் குள்ளம், மேலே நீளும் கால்கள் உயரம். ரைம்ஸ் நியூ ரோமனில் 11 போடும் இடத்தில் இதற்கு 12 அல்லது 12.5 கொடுங்கள். வயதானவர்களும் வாசிப்பார்கள் என்றால் 13.

கரமொன்ட் என்ற பெயரில் பல எழுத்துருக்கள் உண்டு. வேர்டோடு வருவது உண்மையில் 1621 அளவில் ஜான் ஜனோன் என்ற இன்னொருவர் வெட்டியதைப் பார்த்துச் செய்தது. 1926இல் அச்செழுத்து ஆய்வாளர் பியற்றிஸ் வோர்ட் கண்டுபிடித்துச் சொல்லும்வரை உலகம் அதைக் கரமொன்டின் கைவேலை என்றே நம்பியிருந்தது. 1592ஆம் ஆண்டு எழுத்து மாதிரித் தாளைப் பார்த்துச் செய்த ஈபி கரமொன்ட் இலவசமாகக் கிடைக்கிறது. நான் அதைத்தான் எடுப்பேன்.

தமிழ் குழம்புவது பாமினியால்; நீங்கள் தமிழை அந்தப் பழைய எழுத்துருவில்தான் அடித்திருக்க வேண்டும். பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது கம்பியூட்டருக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். எழுத்துருவை மாற்றியதும் அந்த ஆங்கில எழுத்துகளே வெளியே வந்துவிடும். யூனிகோட்டுக்கு (தமிழ் எழுத்தைத் தமிழாகவே கம்பியூட்டர் அறியும் முறை) மாற்றினாலும் கரமொன்டில் தமிழ் இல்லை. தமிழ்ப் பக்கங்களைப் பாமினியிலேயே விடுங்கள். யூனிகோட் என்றால் 'நோட்டோ செரிப் தமிழ்' என்ற எழுத்துரு கரமொன்டுக்குப் பக்கத்தில் வைக்கப் பொருந்தும். தேவாரப் பக்கத்தைச் சரித்து மட்டும் போடாதீர்கள், தமிழ் எழுத்துக்கு அது அழகில்லை.

கடைசியாக, எந்த மெசினில் அடிக்கப் போகிறீர்கள்? போட்டோகொப்பி என்றால் கரமொன்டின் மெல்லிய கோடுகள் உடையும், ஆங்கில 'ஈ'யின் மேலுள்ள குட்டிக் கண் மையில் அடைபடும். இதைத் திரையில் பார்த்து நம்பி நான் ஒருமுறை முழுப் புத்தகத்தையும் திருப்பி அடித்திருக்கிறேன். அதே மெசினில், அதே தாளில் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். கண் அடைபட்டால் ஜோர்ஜியா என்ற எழுத்துருவுக்கு மாறுங்கள். உடல் பெரிது, கோடு தடிப்பு. ஆனால் அதில் இலக்கங்கள் ஏறியிறங்கி நிற்கும்: 1936 என்றால் 9உம் 3உம் கீழே தொங்கும், 6 மேலே எழும். தோற்றம், மறைவு போடும் பக்கத்தில் அது பிடிக்காவிட்டால் அந்த இரண்டு வரியை மட்டும் ரைம்ஸில் போடலாம்.