கீமோ: வாட்ஸ்அப் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒருமுறை கீமோ. முதல் தவணை ஏற்றியாயிற்று. வெள்ளணு கூட பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்லி, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்துகொண்டே இருக்கிறது. கொடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். டெங்குவில் தட்டணு (பிளேட்லெட்) குறைவதற்காகப் பேசப்பட்ட சாறு அது. இங்கே கவலை நியூட்ரோபில் என்ற வெள்ளணுவைப் பற்றியது. அதைக் கூட்ட ஜி.சி.எஸ்.எஃப். ஊசி இருக்கிறது, தேவைப்பட்டால் கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துப் போடுவார்கள். இடுப்பும் முதுகும் வலிக்கலாம். எலும்பு மஜ்ஜை மும்முரமாக அணு உற்பத்தி செய்வதால் வரும் வலி அது.

எந்த வீடியோவும் நாள் கணக்கைச் சொல்வதில்லை. மருந்து ஏற்றிய 7 முதல் 14-ஆம் நாள் வரைதான் அணுக்கள் பெரும்பாலும் அடிமட்டத்தில் இருக்கும். நியூட்ரோபில் 500-க்குக் கீழே போனால் கிருமி தொற்றினாலும் சீழோ வீக்கமோகூடத் தெரியாமல் போகலாம். காய்ச்சல் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். டிஜிட்டல் தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருப்பதுதான் பெரிய ஆபத்து: சூடு இறங்கும், ரத்தத்தில் கிருமி பெருகும். மருந்துகளின் பெயர், ஏற்றிய தேதி எழுதிய சீட்டைக் கையோடு கொண்டுபோய், அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாக “கீமோ நோயாளி” என்று சொல்லுங்கள்.

கேள்வி: சிவப்பு மருந்து ஏற்றிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போனது. ரத்தமா?
– வாசகி, மதுரை

பதில்: ரத்தமல்ல, அட்ரியாமைசின் என்ற அந்தச் சிவப்பு மருந்தின் நிறம். ஓரிரு நாளில் தெளியும். அதற்கு மேல் நீடித்தாலோ, எரிச்சலோ ரத்தக் கட்டியோ இருந்தாலோ மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். கூடவே கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கக்கூடும்.

கேள்வி: கீமோ வார்டு நர்ஸ் நான். நோயாளிகளுக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: குழுவைவிட ‘பிராட்காஸ்ட்’ பட்டியல் நல்லது, ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்துவைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். முதல் நாளே வார்டில் உட்காரவைத்துப் பதியச் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஒரே தேதியில் மருந்து ஏற்றியவர்களுக்கு ஒரு பட்டியல். மருந்து ஏற்றிய அன்று வாந்தி மாத்திரை நேரம். 3-ஆம் நாள் மலச்சிக்கல் (வாந்தியைத் தடுக்கும் ஆன்டான்செட்ரானாலும் வரும்). 5-ஆம் நாள் வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் ஆறியபின் அரை டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளிப்பது. 7-ஆம் நாள் காய்ச்சல் எச்சரிக்கை. முடி உதிர்வு பற்றிய செய்தி 14-ஆம் நாளுக்கு முன்பே. படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு ஒரு நிமிடக் குரல் பதிவு போதும். ஒவ்வொன்றிலும் அவசர எண் இருக்கட்டும். காய்ச்சலைச் செய்தியாக அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள். பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து போடுபவர்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும்: அவர்களுக்கான கைகால் மரமரப்புச் செய்தி மற்றவர்களை வீணாகக் கலங்கடிக்கும்.