புது அலமாரியிலிருந்து ஃபார்மால்டிஹைடு வருகிறதா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

கேட்டவர் பிள்ளைகள் அறைக்குப் புது அலமாரி வாங்கியிருக்கிறார். கதவைத் திறந்தால் கண் எரிகிறதாம். ஃபார்மால்டிஹைடு என்பது கண்ணை எரிய வைக்கும் ஒரு வாயு. அதை அளக்க இணையக் கடையில் நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் மீட்டரை நம்பலாமா என்கிறார்.

மீட்டர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். இரண்டு இடத்துக்கு உள்ள வித்தியாசத்தை நம்பலாம். பலகைத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பகுதியில் வேலை பார்த்தவன் நான். இப்போது இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில்.

மரத்தின் மேல் பழி போட வேண்டாம். தோட்டத்தில் பால் குறைந்த ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்கிறார்கள் இல்லையா, அந்தக் கட்டைதான் பல நேரம் அரைபட்டு, அழுத்தப்பட்டு, எம்.டி.எஃப். பலகையாகத் தளவாடக் கடைக்கு வருகிறது. வாயு வருவது பெரும்பாலும் அதை ஒட்ட வைக்கும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசையிலிருந்து. சூடும் ஈரமும் பட்டால் பசை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும்.

‘ஈ1 தரப் பலகை, பயமில்லை’ என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஐரோப்பியத் தரத்துக்காகப் பலகையை மூடிய பெட்டிக்குள் வைத்துச் செய்யும் சோதனை 23 டிகிரி வெப்பத்தில், 45 சதவீத ஈரப்பதத்தில் நடப்பது. அதில் வரும் ஃபார்மால்டிஹைடு கனமீட்டர் காற்றுக்கு 0.124 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அப்படி ஒரு காற்று நம்ம ஊரில் என்றைக்கு அடித்தது? தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 33 டிகிரி இருக்கும், ஒரு மழை பெய்தால் ஈரப்பதம் 80-ஐத் தாண்டும். அதே பலகை இங்கே கூடுதலாகத்தான் வாயு விடும்.

மலிவு மீட்டரின் பெரிய கோளாறு, அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. கைச் சுத்திகரிப்பான், வாசனைத் திரவியம் என்று ஆல்கஹால் உள்ள எது பக்கத்தில் இருந்தாலும் எண் எகிறும். வாங்கியதும் சுத்திகரிப்பானில் பஞ்சை நனைத்துப் பக்கத்தில் காட்டுங்கள், தெரிந்துவிடும். அலகையும் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு, அரை மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராம். நம் நாட்டு வேலையிடங்களுக்கான 2010-ஆம் ஆண்டு உள்ளறைக் காற்று விதிமுறை சொல்வது 0.1 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 0.1 பங்கு), அதாவது கனமீட்டருக்குச் சுமார் 0.12 மில்லிகிராம். இரண்டையும் குழப்பிக்கொண்டு பீதியடைகிறவர்கள் நிறைய.

இன்னொன்று, சொன்னால் வீட்டில் சண்டை வரும். கொசுவர்த்தியும் ஃபார்மால்டிஹைடு விடும். சீன, மலேசியக் கொசுவர்த்திகளை எரித்துப் பார்த்து 2003-இல் வந்த ஆய்வில், ஒரு சுருளிலிருந்து 51 சிகரெட் விடும் அளவு வரைக்கும் வந்திருக்கிறது. சாம்பிராணியும் ஊதுவத்தியும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீட்டரைத் தட்டிவிட்டு அலமாரியைத் திட்டாதீர்கள்.

நான் சொல்லும் வழி இது. முதல் நாள் இரவிலிருந்து எதையும் கொளுத்தாமல், அலமாரிக் கதவைச் சாத்தி வையுங்கள். காலையில் அடுப்பு மூட்டுமுன் மீட்டரை வீட்டுக்கு வெளியே வைத்து, பிறகு கூடத்தில், பிறகு அறை நடுவில், கடைசியாக அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தி எடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு நேரம். அலமாரிக்குள் மட்டும் பல மடங்கு ஏறினால் ஆள் அகப்பட்டான். சின்னச் சாமான்களுக்கு, இறுக்கி மூடும் கண்ணாடி ஜாடி போதும். முதலில் வெறும் ஜாடியில் மீட்டரை வைத்து எண் எடுத்துக்கொண்டு, பிறகு சாமானோடு எடுங்கள். கசங்காத திரைத்துணியிலும் இந்த வாயு இருக்கலாம், துவைப்பதற்கு முன்னும் பின்னும் இப்படிப் பார்க்கலாம். துவைத்தால் பெரும்பாலும் இறங்கும். கந்தக அமிலம் ஊற்றி நிறம் பார்க்கும் முறையைக் காணொளியில் காட்டுகிறார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

அலமாரிதான் என்று தெரிந்தால், முதலில் பின்பலகையைப் பாருங்கள். முன்பக்கம் பளபளவென்று தாள் ஒட்டி அடைத்திருப்பார்கள். பின்பக்கமும், வெட்டு விளிம்பும், திருகாணித் துளையும் திறந்தே கிடக்கும். வாயு அதிகம் கசிவது அங்கேதான். விளிம்புப் பட்டை ஒட்டி, பின்பலகைக்கு நல்ல வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். வார்னிஷ் வாடை போகும்வரை பிள்ளைகள் வேறு அறையில் படுக்கட்டும். புதுச் சாமான் உள்ள அறையைச் சாத்திக் குளிர்சாதனம் போடுவதை நிறுத்துங்கள். அந்த இயந்திரம் பெரும்பாலும் உள்காற்றையே சுற்ற விடுகிறது. ஜன்னலைத் திறந்து காற்றாடியை வெளிப்பக்கம் திருப்பி வைப்பது மேல்.

இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளைக்குக் கண் எரிச்சலோ இருமலோ நிற்காவிட்டால் மீட்டரை ஓரம் வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காற்றையும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதியுங்கள். ஃபார்மால்டிஹைடைப் பிடித்து வைக்கும் டி.என்.பி.எச். என்ற ரசாயனம் பூசிய குழாயில் காற்றைப் பிடித்துச் செய்வார்கள், ஆல்கஹாலைப் பார்த்து அது ஏமாறாது. செலவு மீட்டர் விலையைவிடக் கூடத்தான். கடைக்காரரிடம் பேச அந்தச் சோதனை முடிவுத் தாள்தான் உதவும்.