வேப்பர் பாலிஷ்: கேட்ட கேள்வியும் பேட்டைக்காரர் பதிலும்

திருநெல்வேலி பேட்டையில சின்ன மெஷின் ஷாப் வச்சிருக்கேன், அக்ரிலிக், பாலிகார்பனேட்டுன்னு கண்ணாடி மாதிரி இருக்க பிளாஸ்டிக்க மெஷின் கட்டர்ல வெட்டி பளபளன்னு ஆக்கிக் குடுக்கதுதான் பொழப்பு. மருந்து ஆவியக் காட்டி பிளாஸ்டிக்க மினுக்குத வேலைதான் வேப்பர் பாலிஷ், ரொம்ப பேரு அதையே சுத்தி சுத்தி கேக்கீங்க, அதான் மொத்தமா உக்காந்து சொல்லுதேன்.

அண்ணாச்சி, வேப்பர் பாலிஷும் பஃப் போடுததும் ஒண்ணுதானா?

இல்ல தம்பி. பஃப்புன்னா சுத்துத துணிச் சக்கரம், அது தேய்க்கும், இது தேய்க்கவே செய்யாது. எம்டிசின்னு சொல்லுதோம்லா, மெத்திலீன் குளோரைடு, அது 40 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாயிரும், அந்த ஆவி பார்ட் மேல பட்டதும் மேல்தோல் மட்டும் சில செகண்டு இளகி ஓடி கீறல மூடிக்கிடும், அப்புறம் ஆவி பறந்து போயிரும். கருப்பட்டிய ஈர விரலால தடவுனா மேல மட்டும் கரைஞ்சு வழவழன்னு ஆகும்லா, அதே கததான். பஃப் நுழையாத ஓட்டைக்குள்ளயும் ஆவி போகும், அதுக்காகத்தான் இந்தப் பாடே.

பாலிகார்பனேட் பிளாக்குக்கு ஆவி காட்டினேன், மினுங்குது, ஆனா கட்டர் கோடு அப்படியே தெரியுது?

தெரியத்தான் செய்யும். ஆவி எதையும் எடுக்காது, இருக்கத மினுக்கும், அவ்வளவுதான். ஆழமான கோட்ட 320, 400, 600ன்னு வரவர நைசான நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணி போட்டுத் தேய்க்குத உப்புத்தாள்) போட்டு ஒரே மாதிரி மங்கலாக்கிட்டு அப்புறம் காட்டுங்க. நாள் முழுக்க தேய்ச்சாலும் ஆவி வேல அர நிமிசம் கூட இல்ல, கஸ்டமர் அந்த அர நிமிசத்துக்குத்தான் காசு குடுக்கதா நெனைச்சிக்கிடுதாரு, அது வேற சங்கதி.

நேத்து போட்டது பால் மாதிரி வெளுத்துப் போச்சு, மருந்து கலப்படமா?

மருந்து மேல பழியப் போடாதீங்க. நேத்து மழையில்லா? எம்டிசி பறக்கும்போது பார்ட்டு சில்லுன்னு ஆகும், காத்துல இருக்க ஈரம் அதுமேல பனி மாதிரி படிஞ்சு இளகுன தோல்ல மாட்டிக்கிடும். நானும் ஒரு ஐப்பசியில பதினோரு பீஸ வெளுக்க விட்டுட்டு மருந்து வித்தவர்கிட்ட போயி சண்ட போட்டு அசிங்கப்பட்டவன்தான். பாலிகார்பனேட் ஈரத்தையும் உறிஞ்சி வச்சிருக்கும், 120 டிகிரி ஓவன்ல சில மணி நேரம் காய வச்சு கொஞ்சம் வெதுவெதுப்போட காட்டுங்க. குத்தாலத்துல சாரல் அடிக்க மாசம் தென்காசிப் பக்கத்துக்காரங்களுக்கு இதே பாடுதான்.

அக்ரிலிக்ல சாயங்காலம் போட்டேன், காலையில பாத்தா மயிர் மாதிரி வெடிப்பு.

உள்ள அழுத்தம் நின்னுருக்கு. மழுங்கின கட்டர், சூடு, இறுக்கிப் புடிச்ச வைஸ், லேசர்ல வெட்டின விளிம்பு எல்லாம் உள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டே இருக்கும், சால்வென்ட், அதான் கரைக்குத மருந்து, பட்டதும் வெடிச்சிரும், சானிடைசர் வச்சு தொடைச்சாலே சில சமயம் போதும். 80 டிகிரியில வச்சு எடுத்துட்டு பாலிஷுக்குப் போங்க, 10 மில்லிமீட்டர் கனத்துக்கு நான் 4 மணி நேரம் வைக்கேன், ஓவன ஆஃப் பண்ணிட்டு கதவத் தொறக்காம தானா ஆற விடணும். வெறும் விளிம்பு மட்டும்னா அக்ரிலிக்குக்கு டைமண்ட் கட்டரே தேவல.

3டி பிரிண்ட் பார்ட்டு, அசிட்டோன் காட்டலாமா? பாலிகார்பனேட்டுக்கும் அதேவா?

பிரிண்டுக்குப் போடுத பிளாஸ்டிக்ல ஏபிஎஸ்னா அசிட்டோன் சரி, பிஎல்ஏங்கத இன்னொரு வகைக்கு ஒழுங்கா வேல செய்யாது. பாலிகார்பனேட்டுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், வெள்ளையாகி வெடிச்சிப் போகும்.

கார் ஹெட்லைட் மஞ்சளுக்கு கப் வச்சு ஆவி அடிக்காங்களே?

மஞ்சளாகி உரியுதது மேல இருக்க கோட்டிங், அத தேய்ச்சு எடுக்காம அடிச்சா பிரயோசனமில்ல. தேய்ச்சு அடிச்சா அன்னைக்கு புதுசு மாதிரி இருக்கும், ஆனா வெயிலத் தடுக்குத கோட்டிங் போச்சே, யூவி கிளியர் கோட் போடலன்னா நம்மூர் வெயில்ல மறுபடியும் மஞ்சள்தான்.

வீட்டு மொட்டமாடியில மாஸ்க் போட்டுக்கிட்டு செய்யலாமாண்ணே?

வேண்டாம்யா. எம்டிசி உடம்புக்குள்ள போயி கார்பன் மோனாக்சைடா மாறும், நெஞ்சுக் கோளாறு உள்ளவனுக்கு ரொம்ப ஆபத்து. ஆவி காத்த விட கனம், தரையிலயும் குழியிலயும் தேங்கி நிக்கும், மூடுன ரூம்ல ஆளையே சாய்ச்சிரும். சாதா கெமிக்கல் மாஸ்க் கார்ட்ரிட்ஜ் இதுக்கு சீக்கிரம் விட்டுரும், நீல நைட்ரைல் கிளவுஸ் ஒண்ணு ரெண்டு நிமிசம் கூடத் தாங்காது. பக்கத்துல பீடி பத்த வச்சா பாஸ்ஜீன்ங்கத விஷ வாயு வரும். அமெரிக்காவுல 2024ல பெரும்பாலான வேலைக்கு இதத் தடையே பண்ணிட்டாங்க. ஆவிய இழுத்து வெளிய தள்ளுத ஹூட் இல்லாம நான் மூடியவே தொறக்க மாட்டேன்.

லென்சுக்கு ஆகுமா?

ஆகாது. முனை மழுங்கும், பரப்பு லேசா அலை அடிக்கும். பாக்க தெளிவா இருந்தா போதும்ங்கத வேலைக்குத்தான் இது.

ஆலங்குளத்துல இருக்கேன், ஒரே ஒரு பீஸ்தான், செஞ்சு தருவீங்களா?

கொண்டாங்க. அதே ஷீட்ல மிச்சத் துண்டு ஒண்ணும் சேத்துக் கொண்டாங்க, அதுல போட்டுப் பாத்துட்டுத்தான் உங்க பீஸத் தொடுவேன். மழ பெஞ்சா அன்னைக்கு பஸ் ஏறாதீங்க.